ஹோனை நிறுத்தக் கேட்ட மனு

எங்கள் ஊர்க் கடவையில் ரயில் சாரதிகள் ஹோனை விடாமல் அழுத்தத் தொடங்கியது ஒரு நாம்பன் மாடு செத்த நாளிலிருந்துதான். யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. முந்தலுக்கு வடக்கே, புத்தளம் வீதியிலிருந்து களப்புக்கரை இறால் பண்ணைகளுக்குப் போகும் கிரவல் பாதை தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் இடம் அது. கதவு இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. காலை வண்டி நாம்பனை இடுப்போடு வெட்டிக்கொண்டு போனது. முன்பாதி தண்டவாளத்துக்கு உள்ளே கிடந்து தலையைத் தூக்கப் பார்த்தது. மாட்டுக்காரன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை அறுத்தான். இறைச்சி இனி எதற்கும் உதவாது. அதன் சத்தத்தை அடக்கத்தான் அறுத்தான்.

மாலையில் அதே வண்டி திரும்பி வந்தபோது பாதையின் இரு பக்கமும் ஆட்கள் கற்களுடன் நின்றார்கள். தண்டவாளத்துக்குக் கீழே கொட்டியிருக்கும் கருங்கல் கைக்கு அளவானது. எஞ்சின் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது. சாரதியின் முகம் புருவத்திலிருந்து தாடை வரை கிழிந்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையால் எதையோ பிடித்தபடி கடந்து போனார். நான் அப்போது ஒரு பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தியாளனாக இருந்தேன். நான்கு வரி அனுப்பினேன். மாடு முதல் வரியில் இருந்தது. சாரதி நான்காவது வரியில்.

அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ஓடிய எல்லாச் சாரதிகளும் எங்களுக்கு ஹோனால் பதில் சொன்னார்கள். தெற்கேயிருந்து வரும் வண்டி குளக்கட்டில் ஆரம்பிக்கும், பள்ளிவாசல் மதில் முடியும் வரை விடாது. வடக்கேயிருந்து வருவது வளைவுக்கு அப்பால் ஆரம்பிக்கும். ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு நின்று அளந்தேன். நாற்பது விநாடிக்குக் குறைந்த நாள் இல்லை. கடவையிலிருந்து முதல் வீட்டுச் சுவருக்கு என் காலடியில் பதினேழு அடி. தொழுகையில் இமாமின் குரல் அறுந்து போகும். பாடசாலையில் ஆசிரியை சோக்கைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தார். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றி, மன்னாரிலிருந்து நாங்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது, வெளியேறச் சொல்லும் அறிவிப்பை ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத்தெருவாகக் கொண்டுவந்தது. அவருக்கு அந்த ஒலிபெருக்கி நிற்கவே இல்லை. நீண்ட ஹோன் கேட்டால் அலுமாரியைத் திறந்து, காணி உறுதிப் பத்திரமும் இரண்டு சாரியும் கட்டிய பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். சத்தம் அடங்கியதும் திரும்ப உள்ளே வைப்பார். ஒருநாள் மகன் பையைப் பிடித்து இழுத்தான். மாமி அவன் கையைக் கடித்தார். பல்லை எடுக்க அவர் வாயைப் பிடித்துத் திறக்க வேண்டியிருந்தது. தையல் போட்டார்கள்.

கல்லெறிக்குப் பிறகு பொலிஸார் கடவைக்கு ஒரு காவலாளியை, ஊர் வாயில் ‘கேட்’காரரை, நியமித்தார்கள். அவர் என் தாத்தாவின் கணவர், எனக்கு மச்சான். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. இருபது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் கூலி வேலை செய்து குதிகால் இரண்டும் பிளந்து போனவர். கடவையில் அவருக்குத் தந்தவை: பாதையை மறிக்க ஒரு மூங்கில் தடி, தடியின் அடியில் பாரத்துக்குக் கட்ட மண் நிரப்பிய தகரம், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. கிடுகுக் கொட்டிலை அவரே கட்டினார். காக்கிச் சட்டையையும் அவரே வாங்கினார். நாட்கூலிதான். ஆனால் இப்படி வேலை செய்பவர்களை ரயில்வேத் திணைக்களம் ஒருநாள் நிரந்தரமாக்கும் என்ற கதை பாதை நெடுக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்காகவே உயிரோடு இருப்பது போல இருந்தார். சாப்பிடும்போதும் சட்டையின் மேல் பொத்தானைத் திறக்க மாட்டார்.

தாத்தா கேலி செய்வார். “ஜனாதிபதி வந்தா எழும்பி நிக்கணுமே, அதுக்குத்தான் பூட்டியிருக்கார்.”

“நியமனம் வரட்டும், பொறகு பாருங்க,” என்பார் மச்சான். “பென்ஷன் வாங்குற மனுசனுக்கிட்ட இந்த வாய் காட்டேலாது.”

ஹோனை நிறுத்தக் கேட்டு மனு எழுதுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியின் பக்கத்து அறையில் முடிவானது. எழுதத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஊரின் பெரிய பண்ணை இறால் முதலாளியுடையது. அவர்தான் அதிகம் பேசினார்.

“சாரதிட மூஞ்சக் கிழிச்சவன் ஒருத்தன். காது கிழியிறது முழு ஊருக்கும். இது என்ன நியாயம்?”

“கிழிச்சவன் இந்த அறைக்குள்ளதான் இரிக்கான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மாட்டுக்காரன் கூரையைப் பார்த்தான்.

நான் இரண்டு கோரிக்கை எழுதினேன். ஒன்று, கடவைக்கு முறையான கதவும் மணியும் விளக்கும் போட வேண்டும். இரண்டு, ஹோன் அடிப்பதைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு நல்ல வசனம் அகப்பட்டால் கை தானாக வேகமாகும். ‘மேற்படி கடவையில் காவலாளி ஒருவர் நாள் முழுவதும் கடமையில் இருப்பதால், வண்டிகள் நீண்ட நேரம் ஹோன் ஒலிப்பது அவசியமற்றது’ என்று எழுதி, உரக்க வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மச்சான் கதவோரம் நின்றிருந்தார். “ஒண்டுமே அடிக்காம வந்தா எப்படி மச்சான்? சின்னதா ஒண்டாவது...” என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

இறால் முதலாளி திரும்பினார். “ஏன், கேட்காரருக்கு கொட்டில்ல தூங்கி எழும்ப அலாரம் வேணுமா?”

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மச்சானும் சிரித்தார்.

நான் அவரைச் சமாதானப்படுத்தினேன். “நீங்க இரிக்கிறதாலதான் ஹோன் வேணாங்கிறோம். ஒங்களத்தான் காரணமா எழுதியிரிக்கேன்.”

“எண்ட பேரையா?”

“பேர் இல்ல மச்சான். பதவி.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது இன்னும் நல்லம்,” என்றார். பள்ளித் தலைவருக்கு அடுத்ததாகக் கையொப்பம் வைத்தார். முழுப் பெயர், அதன் கீழே ‘கடவைக் காவலாளி’.

செய்தி சேகரிக்கப் போனால் நான் எவரிடமும் முதலில் கேட்கும் கேள்வி, உங்கள் வேலையை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பது. வலைகாரனிடம் கேட்டிருக்கிறேன், பிரேதப் பரிசோதனை அறையில் தையல் போடுகிறவரிடம் கேட்டிருக்கிறேன். என் வீட்டிலிருந்து நூறு கஜம் தள்ளி உட்கார்ந்திருந்த மச்சானிடம் மட்டும் கேட்கவில்லை. அவரிடம் தொலைபேசித் தொடர்பு இல்லை. வண்டிகளோ நேர அட்டவணைப்படி வருவதில்லை. வடக்கே தண்டவாளம் வளைகிறது. வளைவில் உடை முள்மரங்கள் அடர்ந்து கண்ணை மறைக்கின்றன. அவர் தடியை இறக்கியது ஹோனைக் கேட்டுத்தான். காவலாளி இருப்பதால் ஹோன் வேண்டாம் என்று நாங்கள் எழுதினோம். காவலாளிக்கு ஹோனைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ரயில்வேப் பரிசோதகர் ஒருவர் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் வந்திறங்கினார். சிங்களத்தில் பேசினார். மச்சானின் சிங்களம் உப்பள அளவுக்குத்தான் என்பதால் நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். கடமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது முடிகிறது, லீவு எடுத்தால் யார் நிற்பது என்று கேட்டார். கொடிகளை விரித்துப் பார்த்தார். பிறகு, ஹோனைக் குறைத்தால் சமாளிப்பாரா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். பரிசோதகரின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

“ஓம் சேர்,” என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கேட்ட இரண்டில் செலவில்லாததை உடனே தந்தார்கள். ஹோன் அடிக்க வேண்டிய இடத்தைச் சாரதிக்குக் காட்டும் வெள்ளைப் பலகைகளைக் கடவையின் இரு பக்கத்திலும் பிடுங்கினார்கள். கடவைக்குக் கிட்ட வந்ததும் ஒரு சிறு ஹோன் போதும் என்று உத்தரவு போனது. கதவும் மணியும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று கடிதம் வந்தது. பிடுங்கிய பலகை ஒன்றை மாட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினான். ஊர் கைதட்டியது.

சத்தம் நின்றது. மாமி பையை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மகன் வந்து தழும்புக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு போனான். வீதியில் எனக்கு ஸலாம் சொல்பவர்கள் கூடினார்கள்.

மச்சான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்காரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். உள்ளங்கையை இரும்பில் வைத்தபடி கண்ணை மூடியிருப்பார். பகலில் தண்டவாளம் கொதிக்கும். ஈரத் துணியைப் போட்டு அதன் மேல் கை வைப்பார். முதுகு பிடித்துவிட்டதாக நினைத்தேன். இரும்பின் அதிர்வைப் பார்க்கிறார் என்று தோன்றவில்லை. அதுவும் போதாமல், வண்டி வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே தடியை இறக்கி வைத்தார். வண்டி பிந்தினால் ஒரு மணி நேரம் கூடப் பாதை மூடிக் கிடக்கும்.

இறாலுக்கு ஐஸ் போட்டுவிட்டால் பிறகு நேரத்தோடு ஓட்டம்தான். நான் தேநீர்க் கடையில் இருந்த ஒரு பிற்பகல், முதலாளியின் சிறிய லொறி தடிக்கு முன்னால் நின்று ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது. லொறியின் அடியால் ஐஸ் தண்ணீர் ஒழுகியது. முதலாளி இறங்கி வந்தார்.

“கோச்சி எங்க?” என்று வராத ரயிலைக் கேட்டார்.

“வரும் முதலாளி.”

“எங்க எண்டு கேட்டேன். எண்ட கண்ணுக்குத் தெரியல்ல. ஒங்கட கண்ணுக்குத் தெரியிதா?”

“இப்ப வரும். ரெண்டு நிமிசம்.”

“முக்கா மணித்தியாலமா ரெண்டு நிமிசம் சொல்றீங்க!”

சொல்லிக்கொண்டே அறைந்தார். மச்சானின் தொப்பி தண்டவாளத்தில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கப் போனபோது முதுகில் உதைத்தார். பிறகு தடியைத் தானே தூக்கி லொறியை அனுப்பினார். பள்ளி நிர்வாகத்தில் இரண்டு பேர் கடையில் இருந்தார்கள். ஒருவர், “அந்தாளும் சும்மா பாதையப் பூட்டி வைக்கிறார்தானே,” என்றார். வண்டி அன்று இன்னும் இருபது நிமிடம் கழித்து வந்தது.

அதற்குப் பிறகு மச்சான் தடியைப் பிந்தி இறக்கினார். ஒவ்வொரு கிழமையும் இன்னும் கொஞ்சம் பிந்தி. அவரை அப்படிச் செய்ய வைத்தது ஒரு அறை மட்டுமல்ல, தினமும் வீசப்பட்ட வார்த்தைகளும்தான். முறைப்பாடு போனால் நியமனம் போய்விடும் என்று பயந்தார்.

பிறகு கச்சான் காற்று பிடித்தது. எங்கள் பக்கத்தில் அது தென்மேற்கிலிருந்து அடிக்கும், கண்ணில் மண் போடும். தெற்கு வண்டியின் சத்தத்தை அது முன்கூட்டியே கொண்டுவரும். வடக்கேயிருந்து வருவதைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, பிற்பகலில், நான் அதே தேநீர்க் கடையில் கடவையைப் பார்த்தபடி இருந்தேன். மச்சான் ஈரத் துணியில் கை வைத்துக் குந்தியிருந்தார். தென்னைகள் ஒரே பக்கமாக வளைந்து இரைந்தன. களப்புப் பக்கமிருந்து இறால் லொறி வந்தது. முதலாளியின் தம்பி தனியாக ஓட்டி வந்தார். வாசலில் நின்றிருந்தவர்களுக்குக் கை காட்டினார்.

மச்சான் துள்ளி எழும்பியதைப் பார்த்தேன். தடியைப் பிடிக்க ஓடவில்லை. லொறியை நோக்கி ஓடினார், சிவப்புக் கொடி கையில். வளைவிலிருந்து எஞ்சின் வெளியே வந்தது. சிறு ஹோனும் மோதிய சத்தமும் என் காதுக்கு ஒன்றாகத்தான் வந்தன.

லொறியை எஞ்சின் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளிக்கொண்டு பள்ளி மதில் வரை போனது. முன்பகுதி மடிந்து பின்பகுதிக்குள் போயிருந்தது. ஐஸ் கட்டிகள் கிரவல் பாதையில் சிதறின. இறால்கள் துள்ளின. சாகாமல் சில இருந்திருக்க வேண்டும். முதலாளியின் தம்பியை வெளியே எடுக்க ஆட்கள் தகரத்தைக் கையால் இழுத்தார்கள். அவர்களின் கைகளும் கிழிந்தன. எடுத்தபோது இடுப்புக்குக் கீழே இருந்தது வரவில்லை. அவர் கண் திறந்திருந்தது. ஒருவர் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார். உதடு அசைந்ததாக அவர் பிறகு சொன்னார். நான் அசைந்ததைப் பார்க்கவில்லை.

மச்சான் கொடியோடு அங்கேயே நின்றார். எறிந்துவிட்டு ஓடியிருந்தால் தப்பியிருப்பார். முதல் அடி யாருடையது என்று எனக்குத் தெரியும். மாமியின் மகன். தழும்பில்லாத கையால் அடித்தான். பிறகு கூட்டம் மூடியது. தடியை அதன் தாங்கியிலிருந்து பிடுங்கினார்கள். அடியில் கட்டியிருந்த மண் தகரத்தை ஒருவன் அவிழ்த்து இரண்டு கையாலும் தூக்கி அவர் முழங்கை மேல் போட்டான். தடியின் ஒரு நுனி வெடித்துச் சிலாம்பாகியது, அதால் குத்தினார்கள். அவர், “கேக்கல்ல, கேக்கல்ல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடிப்பவர்களிடம் கெஞ்சுகிறார் என்றே கூட்டம் எடுத்துக்கொண்டது. எதைக் கேட்கவில்லை என்கிறார் என்பது எனக்குப் புரிந்தது அப்போதுதான். மனுவில் எழுதிய வசனம் முழுவதும் ஒரு தடவை எனக்குள் ஓடியது.

என் கையில் குறிப்புக் கொப்பி இருந்தது. நேரத்தை எழுதியிருக்கிறேன்: மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். அதை எழுதிவிட்டுத்தான் கூட்டத்துக்குள் போனேன். என் மூக்கு உடைந்தது. மச்சானின் மேல் விழுந்து கிடந்தேன். என் மேல் விழுந்த உதைகள் கொஞ்சம்தான். அப்போது ஒருவன் ரயிலைக் காட்டிக் கத்தினான், கூட்டம் கருங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. சாரதி எஞ்சினுக்குள் கீழே படுத்துக் கதவைக் காலால் முட்டுக் கொடுத்தார். பெட்டிகளில் இருந்த பெண்கள் பிள்ளைகளை இருக்கைகளுக்கு அடியில் தள்ளினார்கள். பொலிஸார் வந்து வானத்தில் சுட்டார்கள்.

மச்சானைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு விலங்கிட்டு வைத்தார்கள். வலது முழங்கை நொறுங்கியிருந்தது, விலா எலும்பு மூன்று உடைந்திருந்தது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தார் என்று வழக்கு. காக்கிச் சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்கள். தாத்தா அதைப் பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்திருந்தார்.

என்னைக் கண்டதும், “வீட்டுல வந்து எனக்குச் சொன்னார்,” என்றார். “ஹோன் இல்லாம ஏலாது, ஆனா சொன்னா நியமனம் கிடைக்காது எண்டு. நான்தான் சொன்னேன், தம்பி எழுதுறவன், அவனுக்குத் தெரியும்தானே எண்டு.”

சரிந்த பொட்டலத்தை எடுத்துத் திரும்ப அவர் மடியில் வைத்தேன்.

“அவர மறியலுக்குப் போக விட மாட்டாதானே? ஜெயில் அவருக்குத் தாங்காது.”

அதுதான் இனி மிச்சமிருந்த கேள்வி. மனுவின் பிரதி என்னிடம் இருந்தது, திணைக்களத்தின் பதில் கடிதமும் இருந்தது. அவை நீதிமன்றத்துக்குப் போனால் ஹோனை நிறுத்தியது காவலாளி அல்ல, ஊர் என்று தெரியும். கையொப்பங்களில் இறந்தவருடையதும் இருந்தது. முதலாளியுடையது மூன்றாவது.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்த மறுநாள் பள்ளி நிர்வாகத்தார் என் வீட்டுக்கு வந்தார்கள். கதிரைகளில் உட்காராமல் நின்றபடியே பேசினார்கள்.

தலைவர், “அந்தக் கடுதாசிய மறந்துடுங்க,” என்றார். “மையத்து வீட்டுல, நாங்கதான் கொன்னோம் எண்டு எப்படிச் சொல்றது?”

“மச்சான் கொன்னார் எண்டு மட்டும் சொல்லலாமா?”

“அவர் கேட்காரர்தானே. கேட்டப் போடுறது அவர்ட வேல.”

“கோச்சி வாறது அவருக்கு எப்படித் தெரியும் ஹாஜியார்?”

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது வரை அந்தக் கேள்வி வந்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “நீங்கதானே எழுதின,” என்றார். சரியான பதில்தான்.

நீதவான் அதே கேள்வியை முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டார். மச்சான் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, தமிழில் பதில் சொன்னார். “ஹோன் கேட்டா போடுவேன்.” மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல, நீதவான் பேனையை வைத்தார். ஹோன் ஏன் நின்றது என்று கேட்டார். மச்சான் மன்றத்தின் பின்வரிசையைப் பார்த்தார். ஊர் அங்கே இருந்தது. அத்தனை அடிக்குப் பிறகும் அவர் எங்களைக் காட்டிக் கொடுக்கத் தயாராக இல்லை. அல்லது தன் கையொப்பத்தை நினைத்துப் பயந்தாரோ தெரியாது.

நான் எழும்பினேன். மனுவின் பிரதியையும் பதில் கடிதத்தையும் அவருடைய சட்டத்தரணியிடம் கொடுத்தேன். பிறகு சாட்சிக் கூண்டில் ஏறி, வசனம் என்னுடையது என்றும், அதை எழுத முன் காவலாளியிடம் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அவர் ஒரு சின்ன ஹோனாவது வேண்டும் என்று ஆரம்பித்ததையும், நாங்கள் சிரித்ததையும் சொன்னேன். முதலாளி எழும்பி வெளியே போனார்.

அன்று மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னே என் வீட்டுக்குக் கல் விழுந்தது. முன் ஜன்னல்கள் மூன்றும் போயின. மனைவியின் காலில் கண்ணாடி ஏறியது. உள்ளே வந்த கற்களைப் பொறுக்கினேன், எல்லாம் தண்டவாளத்துக் கருங்கல். பிறகு மாட்டுக்காரன் வாசலுக்கு வந்து, கோழிக்கூட்டிலிருந்து கழற்றிய வெள்ளைப் பலகையை என் முற்றத்தில் எறிந்தான்.

“இந்தா, ஒண்ட பலக! கொண்டு போய் நட்டு வை!”

அவன் போன பிறகு மாமி மதிலுக்கு அப்பால் பையோடு நின்றிருந்ததைக் கண்டேன். கண்ணாடி உடைந்த சத்தத்துக்கு எழும்பி வந்திருக்கிறார். எந்தப் பக்கம் போவது என்று என்னிடம் கேட்டார்.

பல வழக்குத் தவணைகள் கழித்து மச்சானை விடுவித்தார்கள். மறியலுக்குப் போகவில்லை. நியமனமும் வரவில்லை, விபத்து நடந்த கடவைக் காவலாளியின் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். முழங்கை நேராகவில்லை, உப்பளத்திலும் அவரை எடுக்கவில்லை.

கடவைக்குக் கதவு வந்தது. இரும்புக் கதவு, மணி, இரண்டு சிவப்பு விளக்கு, கொங்கிறீட்டில் ஒரு காவலறை. மனுவில் நான் எழுதிய முதலாவது கோரிக்கையில் இருந்தது எல்லாமே வந்தது. ஹோனும் திரும்ப வந்தது. வழக்குக்குப் பிறகு சாரதிகளுக்கு மீண்டும் பழைய உத்தரவு போயிருந்தது, புதிய பலகைகளும் நட்டார்கள். மாமி அதற்குள் கண்டக்குழியிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

புதிய காவலாளி வேறு ஊர்க்காரர், சீருடை திணைக்களம் கொடுத்தது. வந்து சில நாட்களில், ஒரு காலையில், மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். விபத்துக்குப் பிறகு அவர் அந்தக் கடவைப் பக்கம் போனதில்லை, களப்புக்குப் போவதென்றால் சற்றுத் தள்ளித் தண்டவாளத்துக்குக் கீழே உள்ள மதகுக்குள் குனிந்து போவார். புதியவர் யாரென்று தெரியாமல், “வாங்க, இருங்க,” என்றார்.

மச்சான் உட்காரவில்லை. “கோச்சி வாறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

புதியவர் சுவரைக் காட்டினார். கறுப்புத் தொலைபேசி ஒன்று மாட்டியிருந்தது. இரண்டு பக்க ஸ்டேஷனிலிருந்தும் வண்டி புறப்பட்டதும் அடிப்பார்கள் என்றார். எடுத்துப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

மச்சான் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். கனநேரம் வைத்திருந்தார். மறுமுனையில் யாரோ சிங்களத்தில் கோபமாக ஏதோ கேட்பது எனக்கும் கேட்டது. அவர் வளைந்த கையையும் உதவிக்குக் கொண்டுவந்து, அதைத் தாங்கியில் சரியாகப் பொருந்தும்படி வைத்தார்.

“இவ்வளவுதானா மச்சான்?” என்று என்னைக் கேட்டார்.